65 இன்ச் ஆசை... பத்தடி ஹால்!

பெரிய டிவியின் விலை இறங்கிவிட்டது. வாங்கலாமா என்ற கேள்விக்குக் கடையில் ஒரு பதில் கிடைக்கும். வீட்டுச் சுவரும் கேபிள் வயரும் சொல்லும் பதில் வேறு.

மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே 75 இன்ச் டிவி. லிஃப்ட் கதவுக்குள் அது நுழையவில்லை. மேலே ஒரு பையன், கீழே ஒரு பையன், நடுவில் கைப்பிடிச் சுவர். “படுக்கப் போட்டுத் தூக்கிரலாமே தம்பி” என்கிறார் பக்கத்து ஃபிளாட்காரர். “வேணாம் சார், படுக்க வெச்சா பேனல் போயிரும். நிமுத்திதான் தூக்கணும்” என்கிறான் கீழே இருப்பவன், தோளில் பெட்டியைத் தாங்கியபடி. மேல் மாடிப் பாட்டி பால் பாக்கெட்டோடு ஏற வழியில்லாமல் நிற்கிறார். டிவியை வாங்கியவர் மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “டேப் வெச்சு அளந்துட்டுதானே வாங்கினேன்” என்கிறார். அவர் அளந்தது ஹால் சுவரை. படிக்கட்டை அல்ல.

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரிலும் இப்போது இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு 32 இன்ச் டிவியோடு திருப்தியாக இருந்த குடும்பங்கள் 55, 65 என்று விசாரிக்கின்றன. ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி, ஐ.பி.எல். என வருடம் முழுக்க விளம்பரம். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் “65 வாங்கிட்டேன்” என்று படம் போட்டால், அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் கடையில் நிற்கிறார்கள்.

எப்படி இறங்கியது விலை?

காரணங்கள் இரண்டு. ஒன்று டெல்லி, இன்னொன்று சீனா.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. சின்ன டிவிகளுக்கு 2019 ஜனவரியிலேயே 18 வந்துவிட்டது. ஆகவே இந்தக் குறைப்பு முழுக்க முழுக்கப் பெரிய டிவிகளுக்கே.

அதைவிடப் பெரிய காரணம் கண்ணாடி. டிவி பேனலை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பிரம்மாண்டமான ஒரே கண்ணாடித் தகட்டில் செய்து, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். பழைய ஆலைகளின் தகடு 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதில் 55 இன்ச் திரை ஆறு கிடைக்கும். சீனாவின் ஹெஃபே நகரில் பி.ஓ.இ. நிறுவனம் தொடங்கிய ஆலையின் தகடு 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர். அதில் 65 இன்ச் எட்டு, அல்லது 75 இன்ச் ஆறு வெட்டலாம். துணிக்கடையில் பீஸ் வெட்டும் கணக்குதான். மிச்சம் விழாத அளவு எதுவோ அதுதான் மலிவு. சாம்சங்கின் திரைப் பிரிவு 2022-இல் எல்.சி.டி. தயாரிப்பையே விட்டது. எல்.ஜி. தன் குவாங்சோ ஆலையை டி.சி.எல். குழுமத்துக்கு விற்றுவிட்டது. முன்பக்கம் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், எல்.சி.டி. பேனல் பெரும்பாலும் சீனாவில் பிறந்ததுதான். “ஒரிஜினல் கம்பெனி பேனல்” என்று சேல்ஸ்மேன் சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

■ வரிக் கணக்கு
அடிப்படை விலை 60,000 ரூபாய் உள்ள டிவி, முன்பு வரியோடு 76,800. இப்போது 70,800. குறைந்தது 6,000 ரூபாய். எம்.ஆர்.பி.யில் சுமார் 8 சதவிகிதம். “ஜி.எஸ்.டி. தள்ளுபடி 10 சதவிகிதம்” என்று கடையில் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது கடைக்காரர் தரும் சலுகை அல்ல, வரிதான் குறைந்திருக்கிறது.

கடையில் பார்ப்பது வேறு டிவி

ஷோரூம் சுவரில் இருபது டிவி வரிசையாக ஓடுகிறது. எல்லாவற்றிலும் பஞ்சவர்ணக்கிளி, தேன் வடியும் கரண்டி, எரிமலைக் குழம்பு. இவை அந்தந்த நிறுவனமே கொடுத்த டெமோ வீடியோக்கள். பென்டிரைவிலிருந்து முழு 4கே தரத்தில் ஓடுபவை. டிவியும் ‘விவிட்’ என்ற கண்ணைப் பறிக்கும் அமைப்பில் இருக்கிறது. ஷோரூமின் வெள்ளை வெளிச்சத்தில் எடுபட அந்த மினுமினுப்பு தேவை. அதே அமைப்பில் இரவு வீட்டில் பார்த்தால் முகங்கள் மஞ்சள் பூசிக் குளித்தவை மாதிரி மின்னும்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்துப் பாருங்கள்: “அண்ணே, சாதா சேனல் ஒண்ணு போட்டுக் காட்டுங்க.” பல கடைகளில் கேபிள் இணைப்பே இருக்காது. இருந்தால், அந்த ஐந்து நிமிடம் உங்கள் முடிவையே மாற்றக்கூடும்.

நீங்கள் பார்ப்பது என்ன?

பெரிய டிவி வாங்கும்போது யாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. ஆனால் அளவைத் தீர்மானிக்க வேண்டியதே இதுதான் என்பது என் கட்சி.

4கே திரையில் இருப்பவை 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். சாதாரண எஸ்.டி. சேனலில் வருவது அதிகபட்சம் 720க்கு 576, சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். வகுத்துப் பாருங்கள்: வரும் ஒரு புள்ளியைக் கொண்டு டிவி இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். பத்தொன்பதை அது தானாகக் கற்பனை செய்துகொள்கிறது. விலை உயர்ந்த டிவியின் சிப் அதைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்யும். மலிவு டிவியில் செய்தி வாசிப்பவரின் புடவை ஜரிகை கரைந்து ஓடும்; கிரிக்கெட்டில் பந்து வால் முளைத்துப் போகும்.

இதனால்தான் 32 இன்ச்சில் ‘கண்ணாடி மாதிரி’ தெரிந்த அதே சேனல் 65 இன்ச்சில் கலங்கலாகத் தெரிகிறது. டிவி பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுபவர்கள் உண்டு. டிவி சரியாகத்தான் இருக்கிறது. இல்லாததைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். எஸ்.டி. படத்தின் குறை கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். 55 இன்ச்சுக்கே அது பதின்மூன்று அடிக்கு மேல். நம் ஹாலில் எங்கே போவது? சுவரைத் தாண்டி வெராண்டாவில்தான் உட்கார வேண்டும்.

வழி என்ன? முதலில் செட்டாப் பாக்ஸை எச்.டி.யாக மாற்றச் சொல்லிக் கேபிள்காரரிடமோ டி.டி.எச். நிறுவனத்திடமோ கேளுங்கள். வீட்டில் தினமும் ஓடும் நாலைந்து சேனலுக்காவது எச்.டி. எடுங்கள். அடுத்து, டிவியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் செருகியிருந்தால், அறுபதாயிரம் ரூபாய் டிவிக்கு முந்தைய தலைமுறை வயர் வழியாகப் படம் போகிறது என்று அர்த்தம். பழைய டிவியில் இருந்த வயரை அப்படியே எடுத்துப் புதியதில் மாட்டிவிட்டுப் போகும் வீடுகள் இன்னும் நிறைய. சில நூறு ரூபாய் எச்.டி.எம்.ஐ. வயர் செய்யும் வித்தியாசத்தை அடுத்த அளவு டிவி செய்யாது.

ரிமோட்டில் இருக்கும் ‘ஃபுல் ஸ்கிரீன்’ மோகம் இன்னொரு தொல்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை இழுத்து 16:9 திரையை நிரப்பினால் சரோஜாதேவிக்கும் இரட்டைநாடி உடம்பு வந்துவிடும். 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. இன்றைய படங்களில் மிகப் பல அந்த அகன்ற சட்டகத்தில்தான் இருக்கின்றன. 81 செ.மீ. உயரமுள்ள 65 இன்ச் திரையில் அவை 61 செ.மீ.யை மட்டுமே நிரப்பும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் இயல்பு. பட்டையை ஒழிக்க ஜூம் செய்தால் ஓரத்தில் நிற்கும் வில்லன் காணாமல் போவார்.

ஓ.டி.டி. பார்ப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். நல்ல 4கே படத்துக்குப் பெரிய திரை நியாயமான செலவே. ஆனால் வீட்டு இணையம் நிலையாக 15 எம்.பி.பி.எஸ். வேகம் தர வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜி.பி. வரை டேட்டா குடிக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி 65 இன்ச் வாங்கினால் இடைவேளைக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அதிலும் மேல்மட்டத் திட்டத்துக்குப் பணம் கட்டியவர்களுக்குத்தான் 4கே. 8கே டிவி பற்றி யாராவது பேசினால், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராது.

■ அளவும் தூரமும்
திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை குறுக்களவு. பெட்டியில் செ.மீ.யில் அச்சிட்டிருப்பார்கள். 4கே, ஓ.டி.டி. பார்ப்பவர்கள் உட்கார வேண்டிய தூரம் குறுக்களவைப்போல் 1.2 முதல் 1.6 மடங்கு.
43 இன்ச்: அகலம் 95 செ.மீ., உயரம் 54 செ.மீ.; தூரம் நாலேகால் முதல் ஐந்தே முக்கால் அடி
55 இன்ச்: அகலம் 122, உயரம் 68, ஐந்தரை முதல் ஏழேகால் அடி
65 இன்ச்: அகலம் 144, உயரம் 81, ஆறரை முதல் எட்டே முக்கால் அடி
75 இன்ச்: அகலம் 166, உயரம் 93, ஏழரை முதல் பத்து அடி
55-க்கும் 65-க்கும் பெயரில் வித்தியாசம் பத்து. திரையின் பரப்பில் 40 சதவிகிதம்.

பாயில் பேரன், கதவோரம் பாட்டி

வெளிநாட்டு யூடியூப் விமர்சகர்கள் டிவிக்கு நேர் எதிரே ஒரு சோஃபாவை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நம் வீட்டில் டிவி பார்ப்பது அப்படியா? அப்பா நாற்காலியில், பிள்ளைகள் தரையில் பாயில், அம்மா சமையலறை வாசலில் கீரை ஆய்ந்தபடி, பாட்டி பக்கவாட்டுக் கட்டிலில். நேர் எதிரே இருப்பது ஒருவரோ இருவரோதான்.

எல்.சி.டி. பேனலில் இரண்டு முக்கிய வகை உண்டு. வி.ஏ. வகை, நேரே பார்த்தால் ஆழமான கறுப்பு தரும், பக்கவாட்டில் வெளிறிப்போகும். ஐ.பி.எஸ். வகையில் கறுப்பு கொஞ்சம் சாம்பல்தான்; ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். கடையில் டிவியின் ஓரத்துக்கு நடந்து போய் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பத்துக்கு நான் ஐ.பி.எஸ். பக்கமே ஓட்டுப் போடுவேன், சினிமா ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும்.

கியூலெட் என்பது பின்னால் விளக்கு எரியும் எல்.சி.டி.தான், நிறத்தைக் கூட்டும் ஒரு படலம் கூடுதல். மினி எல்.இ.டி. என்றால் அந்த விளக்குகள் பொடிப்பொடியாக, ஆயிரக்கணக்கில். தேவையான இடத்தில் மட்டும் அணையும். ஓலெட் மட்டுமே வேறு ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இருட்டறையில் படம் பார்க்க அதற்கு இணையில்லை, ஓரத்திலிருந்து பார்த்தாலும் அழகு. ஆனால் மதியச் சீரியல் நேரத்தில் எதிர் ஜன்னல் வெளிச்சம் அந்தப் பளபளத் திரையில் விழுந்தால் கதாநாயகிக்குப் பதில் உங்கள் வீட்டுத் திரைச்சீலைதான் தெரியும். காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீடு என்றால் இன்னொரு அபாயம்: கீழே நகரும் செய்திப் பட்டையும் மூலையிலுள்ள லோகோவும் நாளடைவில் திரையில் நிரந்தரத் தழும்பாகப் பதியக்கூடும். பல நிறுவனங்களின் வாரண்டி அதை ஏற்பதில்லை.

சுவர் தாங்குமா?

65 இன்ச் டிவி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். 75 என்றால் முப்பதைத் தாண்டும். பழைய செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்தால் பிடித்து நிற்கும். புதிய ஃபிளாட்டுகளில் இருப்பது ஏ.ஏ.சி. எனப்படும் எடை குறைந்த கல்; அதில் சாதாரண போல்ட் நாளடைவில் தளரும், அதற்கென்று உள்ள தனிப் போல்ட் வேண்டும். எந்தச் சுவர் என்று மாட்ட வரும் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓதம் ஏறும் சுவரில் மாட்டவே வேண்டாம். வாடகை வீடு என்றால் ஓட்டை போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. அட்வான்ஸில் பிடித்துக்கொண்ட பிறகு பேசிப் பயனில்லை.

ஸ்டாண்டில் வைப்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. இப்போதைய டிவிகள் பலவற்றுக்கு நடுவில் ஒற்றைக் கால் இல்லை. இரு ஓரத்திலும் இரண்டு கால்கள். பழைய டிவி டேபிள் அகலம் போதாது. குழந்தை பிடித்து இழுத்தால் சாயும். பின்னாலிருந்து சுவரோடு ஒரு பட்டையால் கட்டிவிடுவது நல்லது.

உயரம் பற்றி ஒரு புலம்பல். சாமி படம் மாட்டும் உயரத்தில்தான் நம்மவர்கள் டிவியையும் மாட்டுகிறார்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி. பாயில் இருப்பவருக்கு இன்னும் குறைவு. திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தை ஒட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மணி நேரப் படம் முடியும்போது கழுத்துக்கு அமிர்தாஞ்சன் தேவைப்படும்.

மெலிந்த டிவி, மெலிந்த குரல்

டிவி ஒல்லியாக ஆக, ஸ்பீக்கருக்கு இடமில்லை. பெரும்பாலானவற்றில் கீழ்நோக்கிப் பேசும் 20 வாட் ஸ்பீக்கர்தான். பின்னணி இசை இரைந்து, வசனம் கேட்காமல், ஒவ்வொரு காட்சிக்கும் ரிமோட்டில் கூட்டிக் குறைக்கிறோமே, அதற்கு இது ஒரு காரணம். 65 இன்ச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் 55 இன்ச்சும் நடுவில் வசனத்துக்கெனத் தனி ஸ்பீக்கர் உள்ள ஒரு சவுண்ட்பாரும் வாங்கினால் வீட்டுப் பெரியவர்கள் வாழ்த்துவார்கள்.

■ கரண்ட் பில்
65 இன்ச் எல்.இ.டி. சுமார் 150 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 50 வாட் எடுக்கும் 32 இன்ச்சுக்கு அது 15. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இந்த 30 யூனிட் முக்கியம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்தே ஏறும். ஸ்டார் லேபிளில் வருட யூனிட் அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

வட்டியில்லாத் தவணை உண்டா?

“நோ காஸ்ட் இ.எம்.ஐ. சார், ஒரு பைசா வட்டியில்லை.” 2013-இல் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது: ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்கு இல்லை, பிராசஸிங் கட்டணம் தனி, கிரெடிட் கார்டு என்றால் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. வேறு. தவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் டிவி வீடு வீடாகப் போனதே தவணையால்தான். “ரொக்கம் கொடுத்தால் கடைசி விலை என்ன?” என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு தவணை மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். இடையே உள்ள தொகைதான் வட்டி. வேறு பெயரில் வருகிறது.

தவணை பேசும் மேசையில்தான் கூடுதல் வாரண்டியும் விற்கப்படும். பேனல் போனால் மாற்றும் செலவு பெரும்பாலும் புது டிவி விலையை நெருங்கும் என்பதால், பெரிய டிவிக்கு அது அர்த்தமில்லாத செலவு அல்ல. ஆனால் பந்து பட்டு உடைந்தால் உண்டா, மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் போனால் உண்டா என்று கேட்டு, அதைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். மழைக்கால இரவில் டிவி ப்ளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவைக்கும் பழைய பழக்கம் எந்த வாரண்டியையும்விட மலிவு.

டிவியும் உங்களைப் பார்க்கிறது

இவ்வளவு மலிவாக எப்படித் தர முடிகிறது என்பதற்கு மூன்றாவது ஒரு விடையும் இருக்கிறது. ஸ்மார்ட் டிவியை ஆன் செய்ததும் முகப்பில் விளம்பரம் வருகிறதல்லவா? அது டிவி விற்ற பிறகும் தொடரும் வருமானம். திரையில் ஓடுவது என்ன என்பதை டிவியே அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி பல டிவிகளில் உண்டு. அமெரிக்காவில் 1.1 கோடி டிவிகளில் அனுமதியின்றி இப்படித் தகவல் திரட்டிய வழக்கில், 2017-இல் விஸியோ நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டிச் சமாதானமாகப் போனது. நம் வீட்டில் முதல் நாள், யாருக்குப் பொறுமை? திரையில் வரும் எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ அழுத்தித் தள்ளிவிடுகிறோம். செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதிக்குள் போய், பார்க்கும் தகவலைப் பகிர்வது, விளம்பரத்துக்காகப் பயன்படுத்துவது என்றிருக்கும் இரண்டையும் அணைத்துவிடுங்கள். டிவி அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

உள்ளேயிருக்கும் மென்பொருள் திரையைவிட வேகமாகக் கிழடாகும். நாலைந்து வருடத்தில் ஆப்கள் திணறும். சிலது ஓடவே மறுக்கும். அப்போது புது டிவி வாங்க வேண்டியதில்லை, சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக் ஒன்றைச் செருகினால் போதும். ஆகவே கடையில் ஆப் எண்ணிக்கையைக் காட்டி மயக்கினால் மயங்காதீர்கள். பேனலுக்குப் பணம் கொடுங்கள்.

பெட்டி வந்த பிறகு

டெலிவரி பையன் இருக்கும்போதே பெட்டியை எல்லாப் பக்கமும் பாருங்கள். நசுங்கல் இருந்தால் போட்டோ எடுத்து, ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுங்கள். பெரும்பாலும் கம்பெனி ஆள் வந்து பிரிக்கும்வரை பொறுத்திருப்பதே உத்தமம். முதல் முறை ஆன் செய்ததும் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் போட்டுப் பார்த்து, செத்த புள்ளியோ கோடோ இருந்தால் அவர் கிளம்புவதற்குள் காட்டுங்கள். வெளிக்காயத்தை வாரண்டி ஏற்காது என்பதால், “முன்னாடியே இருந்துச்சு” என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம். கடையும் கம்பெனியும் ஒருவரையொருவர் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கம்பெனி ஆள் போன பிறகு பட அமைப்பை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதற்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயர். நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த சினிமாவுக்கு இடையிடையே புதுச் சட்டகங்களைச் செருகி அதைச் சீரியல் மாதிரி ஆக்குவது அதுதான். அதை அணைக்கச் சொல்லி 2018-இல் டாம் குரூஸ் வீடியோ வெளியிட்டார். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், சினிமாவுக்கு அணையுங்கள். முதல் இரண்டு நாள் “என்னடா, படம் மங்கலா மஞ்சளா இருக்கு” என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். மூன்றாவது நாள் யாராவது ரிமோட்டை எடுத்துப் பழைய ‘விவிட்’டுக்கு மாற்றிப் பார்ப்பார்கள், கண் கூசி, அவர்களே திருப்பி மாற்றுவார்கள்.